நீளாத நூல்

"எங்கே நிக்கப் போறீங்க?" என்பான்
கல்லாவில் பூபாலன்.
எந்த மீன் என்று கேட்கமாட்டான்.
தங்கூசி ஒரு சுருள் தொண்ணூறு ரேண்ட்,
பின்னல் நூல் அறுநூற்றைம்பது,
இரண்டுக்கும் நடுவே அவன் முழங்கை.

பாறை என்றால் தங்கூசி.
உரசலைத் தாங்கும், இழுத்தால் கொஞ்சம் நீளும்,
மீன் தலையை உதறும்போது
கூடவே தலையாட்டும்.
ஜூன் மாதத் தெளிந்த தண்ணீருக்கு
நுனியில் இரண்டு முழம் புளூரோகார்பன்,
கண்ணாடியில் கண்ணாடி.
இல்லாவிட்டால் கேரிக் கிட்டே வந்து முகர்ந்துவிட்டுப் போய்விடும்,
பெண் பார்க்க வந்து
சமூசா தின்றுவிட்டுப் போனவர்கள் மாதிரி.
ஷாட் காலத்தில் நூலைப் பற்றிப் பேச்சே இல்லை,
கம்பிதான், ஒரு சாண்.
அதன் பல்லுக்குத் தங்கூசி வெறும் சேமியா.

தெரியும், எல்லாம் தெரியும்.
துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்து
கண்டெய்னர் எண்கள் இமைக்குள் ஓட ஓட
உம்கேனி ஆறு கடலில் விழும் இடத்துக்கு நேரே வந்து
பதினோரு வருஷமாய் நிற்கிறவள் நான்.
பின்னல் நூலை மட்டும் தொட்டதில்லை.

அது நீளாது.
அடியில் ஒரு நண்டு இடம் மாறினால்
ஆட்காட்டி விரலுக்குத் தெரிந்துவிடும்.
"நல்லதுதானே அக்கா?"
நல்லதா.

அந்த ஏப்ரல் மழைக்குப் பிறகு
ஆறு ஒரு மாதம் டீயின் நிறத்தில் இறங்கியது.
மூங்கில், கரும்பு, ஃபிரிட்ஜ் கதவு,
ஜிப் மூடியபடி ஒரு பள்ளிக்கூடப் பை.
கடல் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.
அந்த வருஷம் முழுக்கத் தங்கூசியே போட்டேன்,
தடித்தது, தளர்வாக.
என்ன தட்டினாலும் பாசி என்று சொல்லிக்கொள்ள
நூலில் அவ்வளவு இடம் இருந்தது.

இந்த ஜனவரியில்தான் மாற்றினேன்.
கலங்கிய தண்ணீரில் கோப் வருகிறது என்றார்கள்,
நீரோட்டமோ ஆளையே இழுக்கிறது.
அப்படிப்பட்ட நாளில் தடித்த நூல் ஒரு பாய்மரம்,
ஈயக்குண்டைத் தூக்கிக்கொண்டு
பக்கத்து ஆளின் தூண்டிலுக்குச் சம்பந்தம் பேசப் போய்விடும்.
மெல்லியது வேண்டும், வலுவும் வேண்டும்.
எண்ணிக் கொடுத்தேன் அறுநூற்றைம்பதையும்.

ஈயத்தை எப்போதும் பழைய நூலில்தான் கட்டுவேன்.
சிக்கினால் அது மட்டும் அறுந்து போகட்டும்,
மிச்சம் கைக்கு வரட்டும்.
எங்கே அறுபட வேண்டும் என்பதை
வீட்டிலேயே, விளக்கடியில், முடிச்சுப் போட்டுவிட வேண்டும்.

அன்றைக்கு ஈயம் சிக்கவில்லை. முள் சிக்கியது.
முதலில் மணல், அது நறநறத்தது,
பிறகு இன்னொன்று,
மணலும் இல்லை, உயிரும் இல்லை,
ஓரம் உள்ள ஏதோ ஒன்று.
தங்கூசியாக இருந்தால் இந்நேரம்
பொய் சொல்லி அறுந்திருக்கும்.

குணசீலன் நாயகர் கையுறையோடு ஓடி வந்தார்.
இரண்டு பேரும் நூலைப் பிடித்துப்
பின்னாலேயே நடந்து நடந்து இழுத்தோம்.
வந்தது ஒரு கேட்டின் துண்டு.
சிப்பி ஒட்டிய கம்பி,
நடுவில் பற்றவைத்த ஓம்,
அதற்குக் கீழே எண்: 118.

"உங்க தெருவா?"
"இல்லை. உங்களது?"
"எங்க வீட்டுக்குக் கேட்டே கிடையாது."
சிரிக்கலாமா என்று பார்த்தார்.
அதற்கப்புறம் அரைமணி நேரம்
அந்த வரிசையில் யாரும் தூண்டில் வீசவில்லை.

எண் கடலைப் பார்க்காமல்
ரோட்டைப் பார்க்கிற மாதிரி
சுவரில் சாய்த்து வைத்தோம்.
செவ்வாய் இருந்தது. புதன் இருந்தது,
ஒரு புறா மேலே.
வியாழக்கிழமை இல்லை.
வீட்டுக்காரர் கண்டுபிடித்து எடுத்திருக்கலாம்.
பழைய இரும்புக்குப் போயிருக்கலாம்.
விரலில் நூல் அறுத்த கோடு மட்டும்
உப்புத் தண்ணீர் பட்டபோதெல்லாம் எரிந்தது.

"புது நூல் எப்படி?" என்றான் பூபாலன்.
"காது கேக்குது அதுக்கு."
"இன்னொரு சுருள் போடட்டுமா?"
போடு என்றேன்.
தங்கூசியும் ஒன்று வை,
ஞாயிற்றுக்கிழமை பாறைக்குப் போகிறேன்.