கேள்விக்குறி இட்ட சீட்டு

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும்
ஓவிலா ஷார்ல்புவா என் கதவைத் தட்டுவார்.
வெடி வைக்கிற ஆள்; காதில் இன்னும் சத்தம் இருக்கும்,
அதனால் உரக்கப் பேசுவார்.
சாப்பாட்டு டப்பாவில், ரொட்டித் துணுக்குகளோடு,
செய்தித்தாளில் சுற்றிய கல்.
விலை இரண்டு பீர்.
பளபளத்தால் மூன்று.

அவருக்கு அது சுண்ணாம்புப் பாறைக்கு நடுவே
தொல்லையாய் ஓடுகிற சாம்பல் அடுக்கு.
சரளைக்கு ஆகாது, மேஸ்திரி ஏசுவார்.
அதன் பொந்துகளில்தான்
டாசனைட் பூஞ்சணம் போல் வெண்முடி விட்டிருக்கும்.
அன்றைக்கு அந்த முடிக்குள்
சுண்டுவிரல் நகம் அளவில் இரண்டு:
முதல் கொதியில் இறக்கிய மேப்பிள் பாகின் நிறம்,
இடுப்பு பெருத்து, முனை சிறுத்து,
லேத்தில் கடைந்தது போல் வரி வரியாய்.

தொலைபேசி நிலையத்தில் நாளெல்லாம்
முகம் தெரியாத குரல்களைச்
சரியான துளையில் செருகுகிறவள் நான்.
உப்பு எது கற்பூரம் எது என்று தெரியாமல்
எனக்குத் தூக்கம் வராது.

கால்சைட்டாக இருக்கலாம். எதுவுமே கால்சைட்டாக இருக்கலாம்.
செம்புக் காசால் தேய்த்தேன், கீறல் விழவில்லை.
பேனாக்கத்திக்கு விழுந்தது.
பாரைட் என்றால் உள்ளங்கையில் எடை போதாது.
ஒரு சொட்டு அமிலம்: தயங்கியது,
பிறகு காலையில் பல் துலக்குகிறவன் போல் நுரைத்தது.
ஆறு பக்கம் எண்ணினேன்.
புத்தகமோ, அது ஆறு பக்கமாய் நடிக்கிறது,
உள்ளே ஒரு கோணம்கூட நேரில்லை என்கிறது.

மிச்சம் இருந்தது இருட்டுச் சோதனை.

குளிர்கால மேலங்கிகள் தொங்கும் அலமாரிக்குள்
நானும் ஓவிலாவும்.
கதவிடுக்கில் துண்டைத் திணித்தேன்.
கண் பழகப் பத்து நிமிடம் ஆகும் என்றேன்.
ஒரு செம்மறித்தோல் கோட்டோடு
இரண்டு பேர் நிற்கப் பத்து நிமிடம்
கொஞ்ச நேரமில்லை.
தன் மனைவியின் பெயரைச் சொன்னார், எதற்கென்று தெரியவில்லை.
அந்துருண்டை வாசனை.
பிறகு ஊசியை இழுத்தேன்.

ஊசி போன வழியெல்லாம்
வெளிறிய ஒரு கோடு.
ஊசி நின்றதும் நின்றது.
முகம் தெரியும் அளவுக்கு வெளிச்சமில்லை.
ஓவிலா முதல்முறையாக மெதுவாகப் பேசினார்:
"இன்னொரு தரம்."

இன்னொரு தரம்.
இன்னொரு தரம்.
கதவைத் திறந்தபோது
என் விரல்களில் மஞ்சள் மாவு.
வெலோகனைட்தான், சந்தேகமே இல்லை,
அதுதான் இல்லை.

இரண்டாவதைப் பஞ்சில் வைத்தேன்.
சீட்டில் பெயர், சேன்-மிஷெல் குவாரி, தேதி,
எந்த அடுக்கு, கொண்டுவந்தவர்.
பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி.

பிறகு குவாரியை மூடினார்கள்.
நகரம் அந்தப் பள்ளத்தில் பனியைக் கொட்டுகிறது,
லாரி லாரியாக,
தெரு உப்பும் சிகரெட் துண்டும்
ஒற்றைக் கையுறைகளும் கலந்து.
ஓவிலா இப்போது அபிடிபி பக்கம் மகளோடு.
காது முழுக்கப் போய்விட்டது;
இத்தனை வருடம் ஊரையே இணைத்தவள்
அவரை மட்டும் கூப்பிட முடியவில்லை.

ஆகஸ்டில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.
கருத்த குன்று, இன்னும் உருகாமல்.
பனிக்கட்டியும் கனிமம்தான், பட்டியலில் உண்டு.
கடினம் ஒன்றரை. அமிலத்துக்கு நுரைக்காது.

போன மாதம் அருங்காட்சியகத்திலிருந்து
லோயிக் என்று ஒரு பையன் வந்தான்.
இழுப்பறைகளைப் பார்த்துக்கொண்டே போனவன்
பென்சில் முனையால் நிறுத்தினான்:
"இந்தக் கேள்விக்குறி எதற்கு, மதாம்?
எக்ஸ்-கதிரில் வைத்தால் ஒரு மணி நேரம்.
கீறக்கூட வேண்டாம்."

காபி கொடுத்தேன்.
மற்ற அறுபத்துமூன்றையும் எடுத்துப் போகச் சொன்னேன்.
படிகளில் அவனோடு பெட்டி பிடித்தேன்.

இரவு இரண்டு மணிக்குத் தெருவில்
பனி அள்ளும் வண்டியின் சைரன்,
காரை நகர்த்து, காரை நகர்த்து என்று.
எனக்குக் காரில்லை.
எழுந்துபோய் அலமாரிக் கதவை
ஒருமுறை திறந்து மூடிவிட்டு
படுத்தேன்.