பொருள் எண் 131

சொத்துப் பிரிக்கிறவள் நான்.
தண்டர் பே நகரில் முப்பத்தொரு வருடமாக.
விவாகரத்து என்றால் முதலில் வக்கீல் போவார்,
அப்புறம் நான், கையில் அட்டையும் பென்சிலும்.
பேனா உதவாது. பிரிகிறவர்கள்
நிமிடத்துக்கொரு முறை மனதை மாற்றுவார்கள்.

ரன்டாலா வீட்டுக்குப் போனது நவம்பரில்.
ஏரி இன்னும் உறையவில்லை.
மைலிஸ் சமையலறையில் நின்றாள்.
வெர்ன் கார் ஷெட்டில்.
நடுவில் நான் நடந்து நடந்து
இருவர் சொல்லையும் சுமந்தேன்.

"படகு என் அப்பா இழைத்தது என்று சொல்லுங்கள்."
"பெயின்ட் வாங்கினது யார் காசு என்று கேளுங்கள்."

இருநூற்றுப் பதினான்கு பொருட்கள்.
நீராவிக் குளியலறையின் அடுப்புக்கு
ஒன்றரை மணி நேரம்.
பனிமிதியடி ஒரு ஜோடி;
ஆளுக்கொன்று என்றார் வெர்ன்.
நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.
நாய்க்கு வாரம் ஒரு வீடு.
காப்பிக் கரண்டி ஆறு, வெள்ளி,
அவள் அம்மா பின்லாந்திலிருந்து கொண்டுவந்தவை.
மூன்று மூன்று என்றார்.
ஜன்னலைப் பார்த்தபடியே அவள்
மூன்றை மேஜையில் வைத்தாள்,
கடைக்காரி மீதிச் சில்லறை வைப்பது போல.

நூற்று முப்பத்தொன்று:
விறகு பிளக்கும் கோடரி. பழையது.
பிடியில் நீல டேப். பதினைந்து டாலர்.
யாருக்கு என்றேன்.
"அவரே எடுத்துக்கட்டும்,
எனக்கு இனிமேல் மின்சார ஹீட்டர்தான்."
ஷெட்டுக்குப் போய்ச் சொன்னேன். தலையசைத்தார்.
பட்டியல் முழுவதிலும்
சண்டையில்லாமல் போனது அது ஒன்றுதான்.
எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

பிப்ரவரி. கார்க் கண்ணாடியில்
பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
உள்ளே ரேடியோ தெருப் பெயரைச் சொன்னது.
வீட்டு எண்ணைச் சொல்லவில்லை.
எனக்கு எண் தெரியும்.

நீதிமன்றத்தில் என் பட்டியலை
பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காட்டினார்கள்.
இது உங்கள் கையெழுத்தா?
ஆம்.
'கணவருக்கு' என்று எழுதியது நீங்களா?
ஆம்.
எந்த அடிப்படையில்?
இருவரின் சம்மதத்தின் பேரில்.

சுருக்கெழுத்துக்காரியின் விரல் ஒரு கணம் நின்றது,
பிறகு அதையும் அடித்தது.
வெர்ன் என்னைப் பார்க்கவில்லை.
தன் முன்னிருந்த பிரதியில்
ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்,
உதடு அசைய,
கணக்கில் இன்னும் எங்கேயோ
தன்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்பது போல.

ஆயுள் தண்டனை. ஊர் அதைப் பேசி முடித்தது.

ஏப்ரலில் அவள் தங்கை சட்பரியிலிருந்து கூப்பிட்டாள்.
இறந்தவர் சொத்துக்கு மதிப்புப் போட வேண்டுமாம்.
அதே வீடு, அதே அட்டை.
கூடத்துத் தரையில் புதுப் பலகைகள்,
பழையவற்றைவிட வெளுப்பாக.
அதன்மேல் கால் வைக்காமல் சுவரோரம் போனேன்.
யாரும் எனக்காக எங்கும் நடக்கச் சொல்லவில்லை.
ஒரே பக்கத்தில் எல்லாம் முடிந்துவிடும் போலிருந்தது.

சமையலறை இழுப்பறை. இரண்டாவது தட்டு.
காப்பிக் கரண்டி:
ஆறு இருந்தன.

ஒருமுறை எண்ணினேன். கையுறையைக் கழற்றி
இன்னொருமுறை.

மூன்றைத் திருப்பிக் கொடுக்கத்தான்
அன்றிரவு வந்தாரா?
வந்தவர் கையில் வேறொன்றும் ஏன் இருந்தது?
அல்லது எல்லாம் முடிந்த பிறகு,
போலீஸ் வருவதற்குள்,
இழுப்பறையைத் திறந்து
ஒழுங்காக அடுக்கினாரா, பிடிகள் ஒரே பக்கமாக?
அல்லது அவளே எங்கேயோ தேடி
அதே மாதிரி மூன்று வாங்கிவிட்டாளா,
பிடிவாதக்காரி?

வழக்கில் எவரும் கரண்டியைக் கேட்கவில்லை.
போலீஸ் ரத்தத்தை அளந்தது. இதை எண்ணவில்லை.
அரசு வக்கீலின் எண் என் போனில் இருக்கிறது.

தங்கை வாசலில் காரை அணைக்காமல் காத்திருந்தாள்.
பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினேன்:
கரண்டி, வெள்ளி, செட், முழுமையானது.
செட் முழுசாக இருந்தால்
விலை இரண்டு மடங்கு.