வலது பக்கம் அரை இஞ்ச்

எம்.சி. ரோட்டுச் சந்தில் மஸ்தான் பாய்
டேப்பை மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.
"நேரா நில்லுங்க சார்."
நேராகத்தான் நிற்கிறேன், பாய்.
பதினேழு வருஷம் அதற்குத்தான் சம்பளம்.

சிட்டையில் எழுதினார்:
முதுகு, வலது பக்கம் அரை இஞ்ச் கூட.

மோர்ட்டாரைப் பிரித்தால் மூன்று ஆள் சுமை.
குழாய் கோட்டயத்துக்காரனுக்கு,
கால்கள் கர்நூல்காரனுக்கு,
அடித்தட்டு எனக்கு.
தரையில் வைத்தால்தான் அதற்கு வேலை.
மற்ற நேரமெல்லாம் என் மேல் உட்கார்ந்து வந்தது
பெண் பார்க்கப் போகும் பெரிய மனுஷன் மாதிரி.
அதற்கும் மேலே என் கம்பளி, என் ரேஷன், என் தண்ணீர்.
ஏற்றத்தில் யாரும் பேசமாட்டோம்.
முன்னால் போகிறவனின் பூட்ஸ் குதிகால்தான்
ஊர், உலகம் எல்லாம்.

ஒருநாள் காலை சீப்பைத் தூக்கினேன்.
கை தோளோடு நின்றுவிட்டது.

மெடிக்கல் போர்டில் கேட்டார்கள்.
விழுந்தாயா?
இல்லை சார்.
ஏதாவது வெடித்ததா?
இல்லை சார், நடந்தேன்.

நடந்ததற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஸ்டான்லியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா
சுவரைத் தள்ளச் சொன்னாள்.
தள்ளினேன்.
தோள்பட்டை எலும்பு
தோலையும் தூக்கிக்கொண்டு பின்னால் கிளம்பியது.
"பட்டை அழுத்தி அழுத்தி நரம்பு போயிடுச்சு.
இதுக்குப் பேரே சிறகுதான்" என்று
மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள்.
ஒன்பது பேர் தொட்டுப் பார்த்தார்கள்.
எல்லோருக்கும் கை ஜில்லென்று இருந்தது.

வீட்டில் பிலோமி சிரித்தாள்:
"சம்மனசுக்கு ரெண்டு இருக்கும்.
உனக்கு கவர்மெண்டு ஒண்ணுதான் குடுத்துச்சா?"
சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனவள்
வெகுநேரம் வெளியே வரவில்லை.
குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சிலுவை போட நெற்றிவரை கை ஏறாது.
நெற்றியைக் கையிடம் கொண்டுபோகிறேன்.
ராயபுரம் கோயிலில் என்னைப் பக்திமான் என்கிறார்கள்.
தண்டையார்பேட்டை குடோன் வாசலில்
முதலாளி கார் நுழையும்போது சல்யூட்டும் இப்படித்தான்,
தலை இறங்கி வந்து கையைத் தொடும்.
அவருக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.
எனக்குத்தான்
அந்த ஒரு நொடி
யாரையாவது அடிக்கலாம் போல இருக்கும்.

பாய் தைத்துக் கொடுத்த மறுவாரம் ஐப்பசி மழை.
கணேசபுரம் சுரங்கப்பாதையில்
ஷேர் ஆட்டோ இருமிவிட்டு நின்றது.
தொடையளவு தண்ணீர், சாக்கடையும் அதில் பாதி.
உள்ளே இரண்டு மீன் கூடை, ஒரு கைக்குழந்தை,
"யாராச்சும் எறங்குங்கய்யா" என்று டிரைவர்.
இறங்கினேன். தள்ளினேன்.
புதுச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது.
பக்கத்தில் தள்ளிய பையன் கையை எடுத்துவிட்டான்:
"அண்ணே, உன் சட்டைக்குள்ள இன்னாவோ கீதுண்ணே!"

"கெடக்கட்டும்" என்றேன்.
"நீ தள்ளு."