நாற்பத்தொன்று

கார்டிஃபில் காலையிலிருந்தே மழை.
வாசலில் பைகளைக் கொட்டிப் பார்க்கிறார்கள்.
நகவெட்டி, கத்தரி, ஊக்கு,
கூராக எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது.
உள்ளே இருப்பதெல்லாம் கூர்தான்.

'அடங்காத உடைகள்' என்று பெயர்.
அடங்கின வெளிச்சம்,
பதினெட்டு டிகிரி,
இடுப்புயரத்தில் ஒரு கயிறு.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான்.
அவர்கள் கொடுத்த கறுப்புச் சட்டை.
கழுத்துப் பொத்தான் வரை போட்டாக வேண்டும்.
"தொடாதீங்க" என்பதற்குச் சம்பளம்.

ஏழாம் மேடையில்
ஒரு பள்ளிக்கூட பிளேசர்.
முத்திரையைத் தலைகீழாகத் தைத்திருக்கிறார்கள்.
முதுகெல்லாம் ஊக்கு.
பீர் கறை.
கந்தைதான், ஆனால் கசக்கக் கூடாது:
கறை போய்விடாமல் பார்த்துக்கொள்ள
மாதம் ஒருமுறை
கையுறையோடு ஒருத்தி வருகிறாள்.

வலது கைக் கிழிசலுக்கு அட்டையில் விளக்கம்:
'அதிகாரத்தின் மீது திட்டமிட்ட தாக்குதல், 1977.
அணிந்தவர் தெரியவில்லை.'

மூன்று மணிக்கு ஒரு பெண்.
அறுபதைத் தாண்டியவள், நனைந்த குடை,
முழங்காலுக்குக் கட்டு.
அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.
சிரிப்பு நிற்கவில்லை.
"திட்டமா? ஸ்பிளாட் போற பஸ்ஸோட கதவு.
மாட்டிக்கிச்சு. இழுத்தேன்."
பிறகு என் பக்கம் திரும்பி,
"எல்லாரும் கேப்பாங்க, பெருசா என்னத்தக் கிழிச்சேன்னு.
இதத்தான்."

காலருக்குள் பாருங்கள் என்றாள்.
ஜி. பிராசர் என்று பட்டியில் எழுதி
அம்மா தைத்திருப்பாளாம்,
தொலைத்துவிடுவாள் என்று.
தொடக் கூடாது என்றேன்.
"யாரு, நீங்களுமா?"

இடது தோளைக் காட்டினாள்.
அங்கே ஒன்று இருந்ததாம். விழுந்திருக்கும் என்றாள்.
அந்த நேரம் பார்த்து
எட்டாம் மேடைப் பக்கம் ஒரு பையன்
கயிற்றில் ஊஞ்சலாட,
ஓடினேன்.
திரும்பி வந்தபோது தரையில்
குடை சொட்டின தண்ணீர் மட்டும்.

ஐந்தரைக்குக் கணக்கெடுப்பு.
பொத்தான் மூன்று. சங்கிலி ஒன்று.
ஊக்கு நாற்பத்திரண்டு.
பதிவேட்டில் நாற்பத்தொன்று.
திரும்ப எண்ணினேன்.

நாற்பத்தொன்றும் துருப்பிடித்தவை.
இடது தோளில்
ஒன்று மட்டும் பளபளவென்று,
பேன்ட் இடுப்பு தளர்ந்தால் குத்திக்கொள்ளும்
சாதாரண ஊக்கு.
வாசலில் யார் சோதித்தார்களோ.

கேமரா எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.
முதுகைக் காட்டி நின்று
காலரை ஒரு விரலால் தூக்கினேன்.
பட்டி இல்லை.
நான்கு மூலையிலும் நூல் நுனி,
வெள்ளை நூல்.
யாரோ பிய்த்தெடுத்த இடம்.
அவளே பிய்த்திருக்கலாம்,
அந்த வயதில்.

பேனா சரியாக எழுதவில்லை. உதறி எழுதினேன்:
நாற்பத்தொன்று. சரிபார்த்தது.
கீழே கையெழுத்து.

கையுறைக்காரி வர
இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.
ஈரத்தில் போட்டால்
அதற்குள் துருப்பிடித்துவிடும்.
இங்கே ஈரமும் கிடையாது.