பாசிநெய்

பாசையூர்க் கரையில் கவிழ்க்க மறந்த வள்ளத்தில்
மழைத்தண்ணி தேங்கிப் பச்சை பிடித்திருந்தது.
யூட் றெஜினோல்ட் ஒரு போத்தல் அள்ளி வந்தான்.
"கழுவி ஊத்த இருந்தது, மிஸ்.
உங்களுக்கு ஏன் இது?"

திருநெல்வேலி ஆய்வுகூடத்து யன்னலோரம்
அது பெருகியது.
வெயிலைக் குடித்து, மீன்தொட்டி மோட்டர் விடும்
குமிழிகளில் நித்திரையில்லாமல் சுழன்று.
பிறகு பட்டினி போட்டேன்.
நைதரசன் இல்லாத தண்ணியில்
பாசி பயந்து கொழுப்புச் சேர்க்கும்.
(புத்தகம் சொல்ல முன்னமே
இந்த ஊருக்குத் தெரியும்:
தட்டுப்பாடு மணக்கிற கிழமை
யார் வீட்டில் என்ன ஒளிக்கப்படும் என்று.)

அறுவடைக்குப் போத்தல் காணவில்லை.
யூட்டின் கேனை இரவல் வாங்கினேன்.
வடித்து, காயவைத்து, அரைத்து,
ஹெக்சேனில் ஆறு மணித்தியாலம்.
நடுவில் கரண்ட் போய் வந்தது.
ஹெக்சேன் பறந்த பின்
குடுவையின் அடியில் நின்றது
நம்பமுடியாத அளவு.
தர்மினி கைதட்டினாள்.
நான் மூடியைத் திறந்தேன்.

மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது.

வரிசைக் காலத்தில்
இரண்டு இரவும் ஒரு பகலும்
கழுத்தில் கயிறு, வயிற்றில் பெயர் எழுதி
யூட்டுக்குப் பதிலாக நிரையில் நின்ற கேன் அது.
நின்றதை
அது இன்னும் மறக்கவில்லை.

சவர்க்காரம் போட்டு ஏழு தரம் கழுவியும்
மணம் போகவில்லை.
கண்ணாடிச் சாடிகள் கடன் வாங்கி
திரும்ப முதலில் இருந்து.
ஐந்து கிழமை.
பதினொரு துளி.

லேபிள் எழுதக் குந்தினேன்.
எள்ளின் நெய் எண்ணெய்.
அதே எள்ளை மண்ணுக்கும் இரவல் கொடுத்து
மண்ணெண்ணெய் என்றோம்.
இதில் எள்ளும் இல்லை, மண்ணும் இல்லை,
இருப்பதோ எள்ளளவு.
'பாசிநெய்' என்று எழுதி
திகதி போட்டேன்.

"இதுக்கு எவ்வளவு தூரம் போகும், மிஸ்?"
கணக்குப் பார்த்தேன்.
இதை டீசலாக்கி, அதற்கேற்ற எஞ்சினும் கிடைத்தால்
வள்ளத்தின் கயிறு அவிழ்த்து முடிய முன்னமே
நின்றுபோகும்.
அவன் சிரிக்கவில்லை.
குப்பியை மூக்கடியில் பிடித்து
கனநேரம் நின்றான்.

"மீன் மணக்குது," என்றான்,
ஏதோ சரிவந்த மாதிரி.

திங்கட்கிழமை வாசலில் புதுக் கேன் ஒன்று இருந்தது,
விலைத்துண்டு கிழிக்காமல்,
கழுத்துவரை பச்சை.