கழிவு

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது
எனக்குத் தொழில்.
ரெண்டாலன் பள்ளத்தாக்கில் அக்டோபர் ஈரம்.
சமையலறை மேசையில், கம்பளித் துணிமேல்
ஓஸ்முன் விட்டுப்போன வேட்டைத் துப்பாக்கி.
இந்தப் பக்கம் மகன் கௌத்தே, அந்தப் பக்கம் மகள் தோரூன்.
துப்பாக்கியை அவன் வைத்துக்கொள்வான்,
பாதி விலையை அவளுக்குத் தருவான்.
ஆகவே அவனுக்கு அது ஓட்டை உடைசல்,
அவளுக்கு அரண்மனைப் பொருள்.
காப்பி மட்டும் இருவரும் ஊற்றுகிறார்கள்,
போட்டி போட்டுக்கொண்டு.

குழலுக்குள் விளக்கை விட்டேன்.
திருகுத் தடங்கள் மழுங்காமல்
உள்ளே உள்ளே சுழன்று போயின.
எண் குழலில் ஒன்று, தாழில் ஒன்று, அடித்தகட்டில் ஒன்று.
மூன்றும் ஒத்தன.
தோரூன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
மேலே, தொலைநோக்கி மாட்ட யாரோ போட்ட நான்கு துளை.
"யாரோ என்ன, அப்பாதான்" என்றான் கௌத்தே,
"எழுபத்தெட்டில், இதே மேசையில்."
ஆயிரம் கழித்தேன்.
கைபிடிக்கும் இடத்தில் மட்டும்
நீலப்பூச்சு தேய்ந்து வெள்ளி காட்டியது.
அதற்குக் கழிக்கவில்லை.
நேர்மையான தேய்மானம் என்று அதற்குப் பெயர்.
உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கியிருந்தால்
அன்றே பாதி போயிருக்கும்.

பிறகு அளவுநாடா.
தோள்கட்டை நாலு சென்டிமீட்டர் குறைவு.
தகட்டைக் கழற்றினேன்: ரம்பம் போன தடம்.
அவசரமில்லாத கை, ஆனால் தச்சன் கை இல்லை.
"யாருக்காக வெட்டினது?"
கௌத்தே அடுப்பைப் பார்த்தான்.
"எனக்கு. பதினாலு வயசு, கை எட்டவில்லை.
அந்த வருஷம் இவன் மூஸ் வேட்டைக்கு வரவில்லை,
காய்ச்சல் என்று சொல்லி."
"காய்ச்சல்தான்" என்றான்
ஐம்பத்தெட்டு வயதுக்காரன்.

வெட்டுப்பட்ட கட்டைக்குப் பாதி போகும்.
பன்னிரண்டாயிரம் ஆறாயிரமாகும். சொன்னேன்.
கௌத்தே முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து
வந்த வெட்கத்தில் அணைந்தது.
அவள் என் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தாள்.
தன் கைக்கு அளந்து வெட்டிய வெட்டு
தன் பங்கைத் தின்கிறதே என்று
கோபம் அப்பா மேலா, வளர்ந்துவிட்ட கை மேலா,
எனக்குத் தெரியாது.
மரத்துக்குத்தான் நான் மதிப்புப் போடுகிறவன்.

வழக்கம்போல் கேட்டேன், பதில் வராத கேள்வி:
"வெட்டி எடுத்த துண்டு இருக்கிறதா?"

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.
விறகுக் கொட்டகை. ஜன்னல்.
நாற்பது வருஷத்துக்கு மேலாய்
அதைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது
ஒரு வால்நட் துண்டு.
சிலந்திவலை, பெயிண்ட் சொட்டு, ஒரு மூலையில் எலிப்பல்.
கௌத்தே உருவினான்.
ஜன்னல் தடாலென்று இறங்கியது, கண்ணாடியில் விரிசல்.

துடைத்து வெட்டுவாயில் வைத்தேன்.
கட்டையிலிருந்து கிளம்பிய கருப்பு ரேகை ஒன்று
துண்டுக்குள் நுழைந்து
நடுவில் எதுவும் நடக்காததுபோல் போயிற்று.
திருகாணித் துளைகூடச் சரியாக உட்கார்ந்தது.
கழித்ததில் முக்கால் திரும்பியது.
பத்தாயிரத்து ஐந்நூறு குரோனர்.

"ஒட்டிவிட்டால்..." என்றான் கௌத்தே.
"ஒட்டினால் உன் கைக்கு ஆகும்" என்றாள்.
அவன் ஒட்டாமலே தோளில் ஏற்றிப் பார்த்தான்;
முழங்கை மடங்கி விலாவில் இடித்தது.
இறக்கி அவள் பக்கம் நீட்டினான்.
அவள் வாங்கவில்லை.
கோப்பைகளைக் கழுவப் போனாள்,
குழாயை வேண்டிய அளவுக்கு மேல் திறந்து.

படிவத்தில் குறைபாடுகள் என்ற கட்டத்தில் எழுதினேன்:
துளை நான்கு. பின்முனை வெட்டப்பட்டது,
துண்டு உடன் உள்ளது.
என் கூலியை ஆளுக்குப் பாதியாய்,
சில்லறை வரைக்கும் எண்ணித் தந்தார்கள்.

வண்டியைத் திருப்பும்போது பார்த்தேன்.
கொட்டகை ஜன்னலுக்குக் கௌத்தே
ஒரு பிர்ச் விறகை முட்டுக்கொடுத்துப் பார்க்கிறான்.
நீளம் அதிகம்.
ரம்பம் எடுக்க உள்ளே போனான்.