பழுது எண் 4471

சிவப்பை எடுத்தது நான்தான்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
ஓரெஸ்ட் ஹவ்ரிலுக், பராமரிப்புப் பிரிவு, இரவு ஷிப்ட்.

இரண்டாம் மாடி, டயாலிசிஸ் வார்டின் எதிர்ச்சுவர்.
பன்னிரண்டடி அகலத்துக்குப் பூக்கள்.
கிட்டப் போனால் பூ கலைந்து
மருந்துக் குப்பிகளின் மூடிகளாகும்.
ரத்தம் உறையாதிருக்கப் போடுவதற்கு நீலம்,
வலிக்கு மஞ்சள்,
எதற்கென்று எனக்குத் தெரியாத ஒரு பச்சை.
நர்சுகள் பதினான்கு மாதம்
தயிர் டப்பாக்களில் சேர்த்துக் கொடுத்தவை.

செய்தவள் டெல்ஃபின் காஸ்டெல், க்ரீ இனத்தவள்.
வடக்கே, ரயில் மட்டும் போகிற ஊர்.
மூஸ் மானின் தோலில், பாசிமணியில்
தன் வீட்டுப் பெண்கள் கோக்கிற பூவைத்தான்
கோத்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள்.
தொற்றுத் தடுப்புக் குழு கூடியது.
தோல் கூடாது. நூல் கூடாது.
பிளீச் ஊற்றித் துடைக்க முடியாத எதுவுமே கூடாது.
அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு
வார்டு வார்டாகக்
குப்பைத்தொட்டிகளை எட்டிப் பார்த்துக்கொண்டே போனாளாம்.

திறந்துவைத்து மூன்றாம் வாரம்
பாலிஷ் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தபோது பார்த்தேன்.
மூன்றாவது பூ, இடது இதழ்.
நாற்பது நீலத்துக்கு நடுவே ஒரு சிவப்பு.

இருபத்தாறு வருஷமாக இந்தக் கட்டடத்தில்
கோணலாக மாட்டிய எதையும் நான் விட்டுவைத்ததில்லை.
ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு நெம்பு.
எபாக்ஸி ஒரு சொட்டு, நீலம் ஒன்று.
படிவத்தில் எழுதினேன்: நிறப்பிழை, சரிசெய்யப்பட்டது.
அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை புகார் வந்தது.
நாற்காலி ஆறு, மாவிஸ் பியர்டி.
செவ்வாய், வியாழன், சனி, தலைக்கு நாலு மணி நேரம்.
தலையைத் திருப்பினால் மெஷின்,
திருப்பாவிட்டால் சுவர்.
ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாதென்பதால்
மற்றக் கையால் கிறுக்கியிருந்தாள்:
என் சிவப்பைக் காணோம்.

போய் நின்றேன். தொப்பியைக் கழற்றினேன்.
“அது இருக்கக்கூடாத இடத்தில் இருந்ததே” என்றேன்.
“நானும்தான்” என்றாள்.

டெல்ஃபினுக்குப் போன் போட்டேன்.
பின்னால் நாய்கள், லைனில் இரைச்சல்.
கத்துவாள் என்று காதைத் தள்ளிப் பிடித்தால்
சிரித்தாள், மூச்சு முட்டச் சிரித்தாள்.
“குறையில்லாமல் முடிப்பது நம் வேலை இல்லை, ஓரெஸ்ட்.
அது வேறொருவர் வேலை.
அந்த ஒரு மணியைத் தேடத்தான்
எனக்கு ரெண்டு நாள் ஆனது, நீ...”
லைன் போய்விட்டது.

அந்த மூடி எந்தக் குப்பையோடு போனதோ.
அந்த மருந்துக்குக் கம்பெனி மாறிவிட்டது;
இப்போது சாம்பல் மூடி.
எமர்ஜென்சியில் ஆரஞ்சு. தியேட்டரில் ஊதா.
மைனஸ் முப்பத்தெட்டில்
கழிவுக் கிடங்கு வரை போய் வெறுங்கையோடு வந்தேன்,
மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

கடைசியில் பிரசவ வார்டு, விடியற்காலை நாலு மணி.
உள்ளே யாரோ பிறந்து இருபது நிமிஷம்
உலகத்தையே திட்டிக்கொண்டிருந்தார்.
நர்ஸ் தன் சட்டைப்பையைத் துழாவி
உள்ளங்கையில் வைத்தாள்.
சிவப்புதான்.
பழைய சிவப்பல்ல, கொஞ்சம் ரோஜா கலந்தது.

என் நீலத்தை நானே நெம்பினேன்.
நல்ல வேலை செய்து தொலைத்திருக்கிறேன், வரவே மாட்டேனென்றது.
சுவரில் ஒரு கீறல் விழுந்தது.
படிவத்தில் அதை எழுதவில்லை.

சனிக்கிழமை மாவிஸ்
வெகுநேரம் பார்த்தாள்.
அவள் ரத்தம் வெளியே போய்ச்
சுற்றிவிட்டு உள்ளே திரும்பியிருக்கும், அவ்வளவு நேரம்.

“இது அது இல்லை.”
“இல்லை” என்றேன்.
“போகட்டும். தப்பாகத்தான் இருக்கிறது.”

கண்ணை மூடிக்கொண்டு
கால்பக்கம் போர்வையை இழுத்துவிடச் சொன்னாள்.
இழுத்துவிட்டேன்.
ஒரு ஓரம் கோணலாக நின்றது.